ஜி7-இல் நின்ற சிப்பாய்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் படிக்கும்போது செஸ் ஆடியதோடு சரி. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் ஒரு வருஷம் ஆடிவிட்டு நிறுத்திவிட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். இப்போது என் ரேட்டிங் (ஆட்டத் தரப் புள்ளி) 1562. போன மாதம் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு ரேட்டிங் போட்டி. ஐந்தாவது ரவுண்டில் 11 வயதுப் பையன், ரேட்டிங் 1482. எனக்கு வெள்ளை. யானை (ரூக்) எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில், ஒரு சிப்பாய் எனக்கு அதிகம். அந்தச் சிப்பாய் ஜி7 வரை போய்விட்டது. அதற்கப்புறம் எங்கே போனாலும் செக். கடைசியில் பையன் ஒரு நகர்த்தலை ஆடாமலேயே தாளில் எழுதிவிட்டு ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டான். மூன்று தடவை ஒரே நிலை வந்துவிட்டது என்று டிரா கொடுத்துவிட்டார்கள். ஆடாமல் எழுதுவது தப்பில்லையா? ஆட்டம் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான், மூன்று தடவை டிரா கேட்டான், நடுநடுவே எழுந்து போய்விட்டான். வெளியே வந்தால் ஒருவர், 'சார், அது லூசெனா, கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாமே' என்றார். பையன் 'அங்கிள், அனலைஸ் பண்ணலாமா' என்று கேட்டான். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றைக்கே போனில் செஸ் இன்ஜினில் (ஆட்டத்தை அலசும் நிரலில்) போட்டுப் பார்த்தால், ஜெயித்த நிலை என்று காட்டியது. இரண்டு இரவு தூக்கமில்லை. தெரிந்தவர் ஒருவர் 6,000 ரூபாய்க்கு ஓப்பனிங் (ஆட்டத் தொடக்கம்) கோர்ஸ் சேரச் சொல்கிறார். இந்த வயதில் எண்ட்கேம் மண்டையில் ஏறுமா, இல்லை போட்டிக்குப் போவதையே நிறுத்திவிடலாமா? நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். ஸ்கோர் ஷீட்டை நாலைந்து தடவை படித்தேன். போர்டு எடுத்து வைத்து, முதல் நகர்த்தலிலிருந்து நீங்கள் ஆடியபடியே ஆடிப் பார்த்தேன். எழுத்து தெளிவாக இருந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் மீதி நேரத்தைச் சின்னதாகக் குறித்து வைத்திருந்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நான் பார்க்கும் பெரியவர்களில் பலரும் இதைச் செய்வதில்லை. உங்கள் கேள்விக்கான பதில் பாதி அந்தச் சின்ன எண்களில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த நிலை.

58-ஆவது நகர்த்தலுக்கு முன் போர்டில் இருந்தது இதுதான். (படிக்கும் மற்றவர்களுக்கு: ஜி8 என்றால் ஜி ஃபைல் என்ற நெடுவரிசையில், வெள்ளையின் பக்கமிருந்து எட்டாவது வரிசையில் உள்ள கட்டம்.) உங்கள் ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. பையனின் ராஜா ஈ7, யானை எச்2. ஆட வேண்டியது நீங்கள். சிப்பாய் ராணியாக ஒரே ஒரு கட்டம் பாக்கி. ஆனால் அந்தக் கட்டத்தில் உங்கள் ராஜாவே நிற்கிறது. எச் பக்கம் வெளியே வரலாம் என்றால் எச்2 யானை மறிக்கிறது. எஃப் பக்கம் வரலாம் என்றால் ஈ7-இல் ராஜா நிற்கிறது. வாசற்படியில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி.

நீங்கள் யானையை ஈ1-க்குக் கொண்டுவந்து செக் கொடுத்தீர்கள். ராஜா டி7 போனது. நல்ல நகர்த்தல், அதுவரை எந்தக் குறையும் இல்லை. 59-இல் ராஜாவை எஃப்7-க்கு வெளியே எடுத்தீர்கள். இங்கேதான் ஒரு நகர்த்தல் முந்திவிட்டீர்கள். எஃப்2-இலிருந்து செக். ராஜா ஜி6, ஜி2-இலிருந்து செக். ராஜா எச்6, எச்2-இலிருந்து செக். திரும்ப ஜி6, திரும்ப ஜி2 செக். ராஜா எஃப்6, எஃப்2 செக். 64-இல் மறுபடி ஜி6. பையன் 'யானை ஜி2' என்று எழுதிவிட்டுக் கையைத் தூக்கிவிட்டான்.

உங்கள் ராஜா சிப்பாயை விட்டு விலக முடியாது, விலகினால் ஜி ஃபைலில் இருக்கும் யானை சிப்பாயைத் தின்றுவிடும். விலகாமல் நின்றால் செக் நிற்காது. குடை இல்லாமல் மழையில் அங்கேயும் இங்கேயும் ஓடியிருக்கிறது உங்கள் ராஜா. குடை உங்களிடம் இருந்தது. ஈ1-இல் மடக்கி வைத்திருந்தீர்கள்.

59-இல் ராஜாவைத் தொடாமல் யானையை ஈ1-இலிருந்து ஈ4-க்கு ஏற்றுங்கள். அவ்வளவுதான். அது செக் இல்லை, வெட்டு இல்லை, பார்க்க ஒன்றுமே செய்யாத நகர்த்தல் மாதிரி இருக்கும். பையன் யானையை எச்1-க்கு இறக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ராஜா எஃப்7. எஃப்1-இலிருந்து செக். ராஜா ஜி6. ஜி1-இலிருந்து செக். ராஜா எஃப்6. மறுபடி எஃப்1 செக். ராஜா ஜி5. ஜி1 செக். இப்போது ஈ4-இல் இருந்த யானை பக்கவாட்டில் நகர்ந்து ஜி4-க்கு வந்து, ராஜாவுக்குக் கீழே குறுக்கே நிற்கிறது. செக் முடிந்தது. யானையை யானையால் வெட்டினால் ராஜா திருப்பி வெட்டும், டி7-இல் இருக்கும் கறுப்பு ராஜாவால் சிப்பாயை எட்டிப் பிடிக்க முடியாது. வெட்டாமல் விட்டாலும் அடுத்த நகர்த்தலில் ஜி8-இல் ராணி.

இதைத்தான் பாலம் கட்டுவது என்கிறோம். நிம்சோவிச் என்ற ஆட்டக்காரர் கொடுத்த பெயர் அது. லூசெனா என்ற பெயரோ ஒரு ஸ்பானியருடையது. அவருடைய செஸ் புத்தகம் 1497-இல் வந்தது. விசித்திரம் என்னவென்றால், அந்தப் புத்தகத்தில் இந்த நிலையே கிடையாது. 1634-இல் சால்வியோ என்ற இத்தாலியர் எழுதியதில்தான் இருக்கிறது. பெயர் மட்டும் லூசெனாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நானூறு வருஷமாக அச்சில் இருக்கும் விஷயம் என்பதால்தான் வெளியே நின்றவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். தெரிந்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற விஷயம், தெரியாதவருக்கு இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தாலும் தெரியாது. முன்பின் பார்க்காத நிலையில் போர்டில் உட்கார்ந்து இதைத் தானாகக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கஷ்டம். இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

ஏன் நாலாவது வரிசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்தால் மறந்துபோகும், காரணம் தெரிந்தால் மறக்காது. உங்கள் ராஜா செக்கிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கிவருகிறது, ஏழு, ஆறு, ஐந்து. ஐந்தாவது வரிசைக்கு வரும்போது அதற்கு ஒரு படி கீழே தடுப்பு வேண்டும். அதனால் நாலு. ஒன்றாவது வரிசையில் இருக்கும் யானையால் அந்தத் தடுப்பைக் கொடுக்க முடியாது, அங்கே எதிராளி யானை அதற்கு மேலே நின்றே செக் கொடுக்கிறது. ஐந்திலேயே வைத்தால் என்ன என்று தோன்றும். டி7-இல் இருக்கும் ராஜா டி6-க்கு வந்து ஈ5 யானையைத் தொட்டுவிடும், தேவையில்லாத தலைவலி. நாலில் வைத்தால் யாரும் தொட வரமாட்டார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன், இன்ஜினும் இதை உங்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்காது. 59-இல் ராஜாவை அவசரப்பட்டு வெளியே எடுத்த பிறகும் ஆட்டம் உங்கள் கையைவிட்டுப் போகவில்லை. 61-ஆவது நகர்த்தலில் உங்கள் ராஜா ஜி6-இல், ஜி2-இலிருந்து செக். நீங்கள் எச்6 போனீர்கள். எஃப்7 போயிருந்தால் எஃப்2 செக், ராஜா ஜி8. அதாவது வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். அங்கே செக் இல்லை. பையன் ஏதாவது ஒன்று ஆட வேண்டும், எச்2-க்குத் திரும்புவான். அப்போது யானை ஈ4, பாலம். 63-இல் அதே வாய்ப்பு மறுபடி வந்தது. அப்போது எஃப்6 போனீர்கள். இரண்டு தடவை கதவு திறந்திருந்தது. பாலம் கட்டத் தெரியாவிட்டாலும்கூட, 'இந்த வழியில் ஒன்றும் ஆகவில்லை, திரும்பிப் போய் வேறு ஏதாவது யோசிப்போம்' என்று ஒருவர் வீட்டுக்குத் திரும்பலாம். நீங்கள் ஏன் திரும்பவில்லை?

இங்கேதான் அந்தச் சின்ன எண்கள். போட்டி நேரம் ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். 58-ஆவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் 31 என்று எழுதியிருக்கிறீர்கள். 64-க்குப் பக்கத்தில் 33. நன்றாகப் பாருங்கள், நேரம் கூடியிருக்கிறது. இடையில் ஆறு நகர்த்தல், கடிகாரம் உங்களுக்குக் கொடுத்தது 180 விநாடி. அதில் 120 விநாடியைத் திருப்பிச் சேமித்திருக்கிறீர்கள். ஆக ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த ஆறு நகர்த்தலுக்கும் சேர்த்து நீங்கள் செலவிட்டது ஒரு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. அதே ஸ்கோர் ஷீட்டில் 17-ஆவது நகர்த்தலுக்கு, குதிரையை எங்கே வைப்பது என்று, 11 நிமிடம் யோசித்திருக்கிறீர்கள். அங்கே எந்தக் கட்டத்தில் வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

33 நிமிடத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு டிரா ஆனவர் நீங்கள். கணக்கு எழுதுகிறவரிடம் இதைச் சொன்னால் போதும், விளக்க வேண்டியதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். சின்னப் பையன்கள் வேகமாக ஆடுவார்கள். அவன் காயை வைத்த சத்தம் அடங்கும் முன் கடிகாரத்தைத் தட்டுவான். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் தனக்குத் தெரியாமலேயே அந்தத் தாளத்துக்கு வந்துவிடுவார். செக் வந்தால் இன்னும் மோசம். செக் என்றதும் கை தானாக ராஜாவுக்குப் போகிறது, எங்கே போகலாம் என்று மட்டும் மனசு பார்க்கிறது, எதற்குப் போகிறோம் என்று பார்ப்பதில்லை. அதோடு ஜெயிக்கப் போகிறோம் என்ற நினைப்பும் சேர்ந்தால், சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும் என்று உடம்பே அவசரப்படும்.

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் டிரா ஆகியிருக்கக்கூடிய நிலை. 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்கு வைத்து, யானைகளை வெட்டிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் வெட்டினார், அடுத்து பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து பிஷப்புகளையும் வெட்டிக்கொள்ள வைத்தார், மிஞ்சியது தோற்றுப்போன சிப்பாய் எண்ட்கேம். 7.5–6.5. நம் சென்னைப் பையன் 18 வயதில் உலக சாம்பியன் ஆன கொண்டாட்டத்தில் நாம் பலரும் அந்த 55-ஆவது நகர்த்தலைக் கடந்து போய்விட்டோம். என் வகுப்பில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன். பலகையில் காய்கள் குறையக் குறைய வேலை குறைகிறது என்று நினைக்கிறோம். யானை எண்ட்கேமில் ஒரு நகர்த்தலின் விலை ஏறிக்கொண்டேதான் போகும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்கிற முதல் வேலை செஸ் வேலையே இல்லை. இனி போட்டியில் சிப்பாய் ஏழாவது வரிசைக்கு வந்தாலோ, தொடர்ந்து இரண்டு செக் வாங்கினாலோ, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடுங்கள். கடிகாரத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் ஓடட்டும். பையன் காலை ஆட்டட்டும், எழுந்து போகட்டும், அது அவன் தாளம். ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து இருபது பக்கக் கணக்கைச் சரிபார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. 11 வயதுப் பையனுக்கு அது வராது. உங்களிடம் இருக்கிற பெரிய பலத்தை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

இனி விதி பற்றிய உங்கள் சந்தேகம். ஆடுவதற்கு முன் எழுதக் கூடாது என்று நீங்கள் நினைத்தது சரிதான். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 8.1.2 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே விதியில் விலக்கும் இருக்கிறது, டிரா கோரும்போது எழுதலாம். அப்படித்தான் எழுதவும் வேண்டும். விதி 9.2-இன்படி, ஒரு நகர்த்தலால் அதே நிலை மூன்றாவது தடவை வரப்போகிறது என்றால், அந்த நகர்த்தலைப் போர்டில் ஆடாமல், தாளில் எழுதிவிட்டு, ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். ஆடிவிட்டுச் சொன்னால் முறை உங்களுக்கு வந்துவிடும், அவன் கோர முடியாது. நான் சரிபார்த்தேன். ராஜா ஜி6, யானை ஜி2, மற்ற காய்கள் அதே இடம், ஆட வேண்டியது வெள்ளை என்ற நிலை 60-இல் ஒரு தடவை, 62-இல் ஒரு தடவை, அவன் எழுதிய 64-உடன் மூன்று. தொடர்ச்சியாக வர வேண்டும் என்றும் இல்லை. தப்பாகக் கோரியிருந்தால் உங்களுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்து ஆட்டம் தொடர்ந்திருக்கும். பையன் எழுத்துக்கு எழுத்து விதிப்படி நடந்திருக்கிறான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள்கூட இந்த இடத்தில் காயை நகர்த்திவிட்டு அப்புறம் கோரி, உரிமையை இழந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று தடவை டிரா கேட்டது வேறு விஷயம். நியாயமில்லாமல் திரும்பத் திரும்ப டிரா கேட்பது எதிராளியைத் தொந்தரவு செய்வதாகத்தான் கணக்கு. கால் ஆட்டுவது மேஜையை அசைத்தால் அதுவும் அப்படியே. ஆனால் நீங்கள் மூன்று மணி நேரம் பொறுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து எனக்கு எழுதினீர்கள். அங்கேயே கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சின்னப் பையன் மேல் புகார் சொல்வதா என்று பெரியவர்களுக்குக் கூச்சம் வரும், புரிகிறது. அது புகார் ஆகாது. ஆர்பிட்டர் அவனிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார், அவனும் கற்றுக்கொள்வான், உங்கள் மண்டையும் லேசாகும். எழுந்து போய் மற்ற போர்டுகளைப் பார்ப்பது மட்டும் அவன் உரிமை. அவன் முறை இல்லாதபோது ஆட்ட இடத்துக்குள் நடக்கலாம்.

ரேட்டிங் போச்சு என்று கடிதத்தில் எங்கேயும் நேராக எழுதவில்லை, ஆனால் ஓரத்தில் பென்சிலில் ஏதோ கூட்டிக் கழித்திருந்தது தெரிந்தது. உங்கள் கணக்கு தப்பு, நான் போட்டுத் தருகிறேன். ஜெயித்தால் 1, டிரா என்றால் 0.5 என்ற கணக்கில், 80 புள்ளி வித்தியாசத்துக்கு உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது 0.61. வித்தியாசத்தைப் பெருக்குகிற எண்ணான கே மதிப்பு உங்களுக்கு 20. டிரா என்றால் 0.5-இல் 0.61 போக, 20-ஆல் பெருக்கினால் 2.2 புள்ளி குறையும். ஜெயித்திருந்தால் 7.8 கூடியிருக்கும். பையனுக்கு 18 வயதுக்குக் கீழே என்பதால் கே 40, அவனுக்கு 4.4 கூடியிருக்கும். ஆக உங்கள் இழப்பு 2.2. அதற்கு இரண்டு இரவுத் தூக்கம் அதிகம். இன்னொன்று, வாரா வாரம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் பலம் அவர்கள் ரேட்டிங்கைவிட எப்போதும் ஒரு படி முன்னால்தான் இருக்கும். 1482 என்பது அவன் சில மாதங்களுக்கு முன் எப்படி ஆடினான் என்பதன் கணக்கு. எதிரே உட்காரும்போது அந்த எண்ணைப் பார்க்காதீர்கள்.

ஓப்பனிங் கோர்ஸ் வேண்டாம். உங்கள் இத்தாலியன் ஓப்பனிங் நன்றாகவே வந்திருக்கிறது. 14-ஆவது நகர்த்தல் வரை இரு பக்கமும் சமம், 22-இல் பையன் கவனிக்காமல் விட்ட சிப்பாயை எடுத்தீர்கள், 29-இல் மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு யானை எண்ட்கேம் வந்துவிட்டது. 29-இலிருந்து 64 வரை, 36 நகர்த்தல், பாதி ஆட்டத்துக்கும் மேல், யானையும் சிப்பாயும்தான். வயிற்று வலிக்குக் கண்ணாடி போட்டால் சரியாகுமா? அந்த 6,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று போட்டிக்கு நுழைவுக் கட்டணம் ஆகும்.

இந்த வயதில் ஏறுமா என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் தபால் துறையில் வேலை பார்த்துவந்த ஒருவர், வயது 52, என்னிடம் வந்தார். வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வர முடியும். பாலத்தை ஒரு தடவை காட்டினேன், தலையாட்டினார். அடுத்த வாரம் போட்டுக் காட்டச் சொன்னேன், யானையை ஒன்றாவது வரிசையிலேயே வைத்துக்கொண்டு ராஜாவை வெளியே எடுத்தார். நீங்கள் செய்த அதே தப்பு. அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் செட் வாங்கி, அலுவலகத்தில் டீ நேரத்தில் தினமும் ஒரு தடவை, கறுப்புக்கும் தானே ஆடினார். பத்தாவது நாள் போல, யோசிக்காமல் கை தானாக நாலாவது வரிசைக்குப் போனது. அதன் பிறகு நான் எவ்வளவு குழப்பினாலும் அவரை ஏமாற்ற முடியவில்லை. குழந்தைகள் வேகமாகப் பிடிப்பார்கள், உண்மை. பெரியவர்கள் காரணத்தோடு பிடிப்பார்கள், அதனால் லேசில் விடமாட்டார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். போனில் வேண்டாம், போர்டில் வையுங்கள். காயைக் கையால் தொட்டு நகர்த்துவதற்கும் திரையில் இழுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, போட்டியில் உங்கள் கைதான் ஆடப்போகிறது. முதல் மூன்று நாள் இதே ஜி7 நிலை. அப்புறம் சிப்பாயை சி ஃபைலுக்கு, டி ஃபைலுக்கு மாற்றி வையுங்கள், பி ஃபைலுக்கும் பாலம் நிற்கும். ஏ, எச் என்ற ஓரச் சிப்பாய்களுக்கு மட்டும் இது செல்லாது, அங்கே ராஜா வெளியே வரவே ஒரு பக்கம்தான் உண்டு. அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மகள் ஆடுவதை நிறுத்திவிட்டாள் என்றீர்கள், ஆனால் யானை நகரும் விதம் மறந்திருக்காது. தினமும் பத்து நிமிடம் கறுப்புக்கு உட்காரச் சொல்லுங்கள். செக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை, யாருக்கும் பிடிக்கும்.

பாலம் கைக்கு வந்தபின் எதிர்ப்பக்கத்தைப் படியுங்கள். பிலிடோர் என்ற பழைய பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிய தற்காப்பு அது. சிப்பாய் எதிராளியிடம் இருக்கிறது, உங்கள் ராஜா அந்தச் சிப்பாய்க்கு முன்னால் நிற்கிறது என்றால், உங்கள் யானையை உங்கள் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து எதிராளி ராஜாவை உள்ளே விடாமல் சும்மா அங்கேயும் இங்கேயும் நகருங்கள். சிப்பாய் அந்த வரிசைக்கு முன்னேறிய உடனே யானையைக் கடைசிக் கோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுங்கள், எதிராளி ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், எதை நோக்கிப் போக வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது 29-ஆவது நகர்த்தலிலேயே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். மற்ற யானை எண்ட்கேம் எல்லாம் அதற்கு மேல்தான்.

இன்ஜின் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டம் முடிந்த அன்றே போனில் போட்டுப் பார்த்து, ஜெயித்த நிலை என்று எண்ணைப் பார்த்து நொந்திருக்கிறீர்கள். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் நோட்டில் உங்கள் கைப்பட எழுதுங்கள், இந்த இடத்தில் என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன், எதைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து இன்ஜினைத் திறங்கள். எந்த நகர்த்தல் தப்பு என்று அது சொல்லும். நீங்கள் ஏன் அதை ஆடினீர்கள் என்பது உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். ஐந்தாவது ரவுண்டு, மூன்று மணி நேரம், ஒரு சிப்பாயை எடுத்து, அதை விடாமல் 22-இலிருந்து 58 வரை ஏழாவது வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நீங்கள். யானை எண்ட்கேமில் அதுதான் கஷ்டமான வேலை, அதைச் செய்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு நகர்த்தல், இப்போது அதுவும் தெரியும். அடுத்த மாதம் போட்டி இருந்தால் பெயர் கொடுங்கள். மீதி நேரத்தை இதேபோல் எழுதுங்கள், தாளை எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த இடம் ஒன்றுதான், அந்தப் பையன் அனலைஸ் பண்ணலாமா என்று கேட்டபோது பதில் சொல்லாமல் வந்தது. தோற்கவேண்டிய ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவனுக்கும் தெரிந்திருக்கலாம், எங்கே தப்பினோம் என்று பார்க்க ஆசைப்பட்டிருப்பான். நல்ல ஆட்டக்காரனுக்கு வருகிற ஆசை அது. ஒரே வட்டாரத்தில் ஆடுகிறீர்கள், திரும்ப அவனை எங்காவது ஒரு மண்டப வாசலில் பார்ப்பீர்கள். இந்தத் தடவை நீங்கள் கூப்பிடுங்கள். ராஜாவை ஜி8-இல், சிப்பாயை ஜி7-இல், யானையை எஃப்1-இல் வைத்து, வெள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, கறுப்புப் பக்கம் நீங்கள் உட்காருங்கள்.